நூற்றுப் பன்னிரண்டு பேரின் பகல் தூக்கம்

ஆடி மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, அருப்புக்கோட்டை நகரின் வீடுகளிலும் கடைகளிலும் மாலையோடு சுவரில் தொங்கிக்கொண்டிருந்த இறந்தவர்களுள் நூற்றுப் பன்னிரண்டு பேர் கண்களை மூடித் தூங்கத் தொடங்கினார்கள். நான்கு மணி ஆனதும் விழித்துக்கொண்டார்கள். மறுநாளும் அப்படியே தூங்கினார்கள், அதற்கு மறுநாளும் தூங்கினார்கள். முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டுப் பெரியவர் மட்டுமே அவ்வாறு செய்கிறார் என்று எண்ணி, வெளியே சொன்னால் குடும்பத்துக்குப் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி, செய்தியைத் தமக்குள்ளேயே பூட்டிவைத்துக்கொண்டார்கள். முத்துலிங்கத்தின் மனைவி ராசாமணிதான், ரேஷன் கடை வரிசையில் பாமாயில் வரத் தாமதமான சலிப்பில், தன் மாமனார் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் படத்துக்குள்ளேயே அசந்துவிடுகிறார் என்று வாய்தவறிச் சொன்னாள். முன்னால் நின்றவள் மெல்லத் திரும்பி, தன் மாமியாரும் அப்படித்தான் என்றாள்; அவளுக்கு முன்னால் நின்றவள், தன் தகப்பனார் தூக்கத்தில் இமை துடிக்கிறார் என்றாள்; அன்று பாமாயில் வந்தபோது அதை வாங்க வரிசையில் ஒருவரும் இல்லை.

அதன்பின் ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. இரண்டு மணிக்குமேல் மிக்சி ஓட்டுவதை நிறுத்தினார்கள். தொலைக்காட்சித் தொடர்களின் ஒலியைக் குறைத்தார்கள். மாமியாரும் மருமகளும் போடவேண்டிய சண்டைகளை நான்கு மணிக்கு ஒத்திவைத்தார்கள். அவ்வாறு ஒத்திவைத்தவற்றுள் பாதி நான்கு மணிக்கு யாருக்கும் நினைவில் இல்லாமற்போயின. வழியில் ஒருவரையொருவர் கண்டால் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது போய், "பெரியவரு அசந்துட்டாரா?" என்று கேட்கும் வழக்கம் வந்தது. ஒருவர் தம் தாயாரின் படத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கண் மருத்துவரிடம் போனார். மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பார்வையில் குறையொன்றும் இல்லை என்று சீட்டெழுதிக் கொடுத்தார். உரக்கடையொன்றில் மட்டும் படத்துக்கு நேர்மேலே புதிதாக மாட்டிய குழல்விளக்கு பகலெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கடையின் பெரியவருக்கு வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லை. பத்தே நாளில் அவருடைய கண்கள் சிவந்து, கீழிமை தடித்துப்போனதைக் கண்ட மகன், விளக்கை இடம் மாற்றியபின்தான் அவரும் மறுபடி மற்றவர்களோடு சேர்ந்து தூங்கினார். அன்றிலிருந்து ஊரார் இரண்டு மணிக்கு விளக்கணைத்துச் சன்னலையும் சாத்தினார்கள்.

முத்துலிங்கத்தின் தகப்பனார் சங்கையா, உயிரோடிருந்த காலத்தில் நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தவர்; வேலைநேரத்தில் ஒருவன் கண்ணை மூடிக் கொட்டாவி விட்டால்கூட அரைநாள் சம்பளத்தை வெட்டியவர்; பகலில் படுப்பவனைப் பாடையில் படுப்பவனாகவே மதித்தவர். அவர் இப்போது நாள்தோறும் பிள்ளைபோலத் தூங்குவதைக் கண்டு, அறுபது வயதான முத்துலிங்கம் படத்தின்கீழே பாய் விரித்து, வாழ்நாளில் முதன்முறையாகப் பகலில் அச்சமின்றிப் படுத்தார். அவருக்குப் பெரிய நிம்மதி.

எல்லாப் படங்களும் தூங்கவில்லை. வேறு ஸ்டூடியோக்களில் எடுத்த படங்களில் இருந்தவர்கள் பழையபடி முறைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வீட்டார் தம் முன்னோருக்கு ஏதோ குறை நேர்ந்துவிட்டதாக மனம் வெதும்பினார்கள். விசாரித்தபோது, தூங்குகிறவர்கள் அனைவரும் பஜாரில் முன்பு இருந்த கதிர் ஸ்டூடியோவின் படங்கள் என்பதும், அவர்கள் அனைவரும் இறந்தபின்பே படம் எடுக்கப்பட்டவர்கள் என்பதும் தெரியவந்தன.

அந்நாளில், வாழும்போது ஒருமுறைகூடப் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் ஊரில் பலர் இருந்தார்கள். அப்படிப்பட்டவர் இறந்துவிட்டால், குளிப்பாட்டுவதற்குமுன் கதிர் ஸ்டூடியோவுக்கு ஆள் வரும். ஸ்டூடியோக்காரர் தவமணி பெட்டியோடு போய், உடலை நாற்காலியில் சாய்த்து, முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டி, தலை சரியாமல் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுப்பார். படத்தில் கண்கள் மூடியிருக்கும். மூடிய கண்ணோடு ஒருவரை வீட்டில் மாட்டினால் அது பிணமாகத்தான் இருக்கும், பெரியவராக இருக்காது. ஆகவே அந்த மூடிய இமைகளின்மேல், பதினாறாம் நாள் காரியத்துக்குள், மெல்லிய தூரிகையால் திறந்த கண்களை எழுதிக் கொடுப்பவள் தவமணியின் மனைவி பாக்கியத்தாய். கண் எழுதச் சொல்லி வருகிறவர்களிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: அவருக்குக் கண் எப்படி இருக்கும்? நாற்பது ஆண்டுகள் கூடவே வாழ்ந்த மனைவியும், அந்தக் கண்ணுக்கு நடுங்கியே வளர்ந்த மக்களும், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே தவிர, ஒருவராலும் சொல்ல முடிந்ததில்லை. "கண்ணு... கண்ணு மாதிரிதான் இருக்கும்" என்பார்கள்.

பாக்கியத்தாய்க்கு இருபத்தாறு வயதாக இருந்தபோது அவளுடைய ஒரே மகள் செண்பகம், ஆறு வயது, நான்கு நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். ஸ்டூடியோக்காரரின் மகளாதலால் அவளுக்குப் படங்கள் நிறையவே இருந்தன. குதிரைப் பொம்மையின்மேல் ஒன்று, மாறுவேடத்தில் ஒன்று, சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்று. ஆனால் சிறுபிள்ளை இறந்தால் அதன் படத்தை மாட்டிவைக்கக் கூடாது, வைத்தால் அந்த வயிறு மறுபடி திறக்காது என்று உறவினர்கள் சொன்னார்கள். படங்களைப் பார்த்துப் பார்த்துச் சோறு தண்ணீரின்றிக் கிடந்த மனைவியை வேறு எவ்வாறு எழுப்புவது என்று தெரியாத தவமணி, ஒருநாள் அச்சுகளையும் நெகட்டிவ்களையும் சேர்த்துக் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டார். அந்த வயிறு அதன்பிறகும் திறக்கவில்லை.

அதற்கு மூன்றாம் வாரம் அரிசி மண்டிக்காரர் ஒருவரின் படம் கண் எழுதுவதற்கு வந்தது. வழக்கமான கேள்விக்கு வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு அவர் வீட்டார் போனபின், பாக்கியத்தாய் தூரிகையை எடுத்தாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, எழுபது வயது மண்டிக்காரரின் முகத்திலிருந்து செண்பகம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்க வந்த மக்கள் அந்தப் படத்தைக் கண்டதும் வாய்விட்டு அழுதார்கள். அப்பா அப்படியே இருக்கிறார் என்றார்கள். அடுத்து வந்தவருக்கும் அதே கண்களை எழுதினாள், அதற்கடுத்தவருக்கும் எழுதினாள். ஆணென்றும் பெண்ணென்றும், நல்லவரென்றும் கொடியவரென்றும் பாராமல், பத்தொன்பது ஆண்டுகள், தவமணி கண்மூடி ஸ்டூடியோவும் மூடும்வரை, ஊரில் படமில்லாமல் இறந்த ஒவ்வொருவருக்கும் தன் மகளின் கண்களைத் திறந்துவைத்தாள். ஒரு வீட்டாரும் கண்டுபிடிக்கவில்லை.

தனக்கென்று அவள் ஒன்றும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எழுதுவதற்கு அவளிடம் ஒரு முகம் இல்லை. மகளைப் பார்க்கவேண்டுமென்று தோன்றும்போது, உப்பு கடன் கேட்பவள்போலவோ திதிக்குக் கூடமாட உதவ வந்தவள்போலவோ எந்த வீட்டுக்குள்ளாவது நுழைந்து, ஐந்து நிமிடம் அந்த வீட்டுப் பெரியவரை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவாள். பெரியவர்களிடத்தில் இவ்வளவு பக்தியுள்ள பெண்மணியை எங்கும் கண்டதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

படங்கள் தூங்கத் தொடங்கியபோது அவளுக்கு எழுபத்தொரு வயது. இரண்டிலிருந்து நான்குவரை என்று கேட்டதுமே அது எந்த நேரம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செண்பகத்தைத் தொடையில் போட்டுத் தட்டித் தூங்கவைத்த நேரம் அது. ஐயம் சிறிதளவு மிஞ்சியிருந்ததையும் ஆவணி பிறந்ததும் சவ்வுமிட்டாய்க்காரன் தீர்த்துவைத்தான். மூங்கிலில் மிட்டாயைச் சுற்றிக்கொண்டு அவன் மணியடித்தபடி நான்கரை மணிக்குத் தெருவில் நுழைந்தபோது, பாக்கியத்தாய் முத்துலிங்கத்தின் வீட்டுக் கூடத்தில் இருந்தாள். கெடுபிடிக்குப் பேர்போன மேஸ்திரி சங்கையாவின் கண்கள் அகல விரிந்து, மெல்ல வாசல்பக்கம் திரும்பி, மணியோசை தெருக்கோடியில் தேயும்வரை அங்கேயே நின்றன, பிறகு தாழ்ந்தன.

"பாருங்கக்கா, எங்க மாமாவ" என்று ராசாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "உசுரோட இருக்கையில பிள்ளைகளுக்கு ஒரு முறுக்கு வாங்கித் தந்ததில்ல. இப்ப மிட்டாய்க்காரனுக்கு ஏங்குறாரு."

பாக்கியத்தாய் தெருவுக்கு ஓடி, மிட்டாய்க்காரனை நிறுத்தி, ஒரு கடிகாரம் செய்து வாங்கினாள். சிவப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்ட அந்த மிட்டாய்க் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி, எந்த வீட்டுக்குள் கொண்டுபோய் யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல், அது உருகி முழங்கைவரை வழியும்மட்டும் தெருநடுவில் நின்றாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பலநாள் எண்ணினாள். சொன்னால், நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் இத்தனை ஆண்டுகளாகப் படையல் போட்டு விழுந்து கும்பிட்டது ஒரு சிறுமியின் கண்களை என்றாகிவிடும்; கோபத்தில் படங்களைக் கழற்றி எறிந்துவிட்டால் அவளுக்கு இந்த உலகில் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. ஆகவே வாயைத் திறக்கவில்லை.

படங்களைக் கழற்றுவதற்கு உண்மை தேவைப்படவில்லை. பாராட்டே போதுமானதாக இருந்தது. ஐப்பசியில் சென்னையிலுள்ள ஒரு கலைக்கூடத்திலிருந்து மைத்ரேயி என்ற பெண் காரில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்லவள், செருப்பைக் கழற்றிவிட்டே வீடுகளுக்குள் நுழைந்தாள், கொடுத்த காப்பியை மறுக்காமல் குடித்தாள். ஒவ்வொரு படத்தின்முன்னும் கால்மணிநேரம் நின்று பார்த்துவிட்டு, வீட்டாரிடம், இது உங்கள் தாத்தா மட்டுமன்று, இது ஒரு கலைப்படைப்பு என்றாள். கண்ணாடியின்மேல் படிந்த தூசியைப் பொங்கலுக்குப் பொங்கல் மட்டுமே துடைத்த வீட்டார் திகைத்துத் தங்கள் தாத்தாவைப் பார்த்தார்கள்; அத்தனை பேருக்கும் அந்தக் கணத்தில் அவர் சற்று அந்நியராகிப் போனார். இவ்வளவு உயர்ந்த பொருளை அடுப்புப் புகையிலும் பல்லி எச்சத்திலும் வைத்திருப்பது பாவம் என்று அவர்களுக்கே தோன்றத் தொடங்கியது.

மைத்ரேயி படத்தை வாங்கிக்கொண்டு, பணத்தோடு, அதே முகத்தைக் கணினியில் திருத்தி வண்ணமேற்றிய பெரிய படமொன்றையும் பொன்னிறச் சட்டமிட்டுக் கொடுத்தாள். அந்தப் புதுப்படத்தில் பெரியவர்களுக்கு நரை கறுத்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது, பின்னால் நீலவானம் இருந்தது. எல்லாவற்றையும்விட, அவர்கள் தூங்கவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. இரண்டு மணிக்கு மிக்சி ஓடலாம், விருப்பம்போல் சண்டை போடலாம், நண்பர்களை அழைத்துவந்து கூடத்திலேயே சீட்டாடலாம். பிள்ளைகளுக்கும் அது பிடித்திருந்தது. ஒரு தெருவில் ஒருவர் கொடுத்தால் அடுத்தவர், தம் வீட்டுப் பெரியவர் மட்டும் கலையில்லாதவர் என்று ஆகிவிடக்கூடாதே என்ற ரோஷத்தில் தாமே போய்க் கேட்டுக் கொடுத்தார். தை பிறப்பதற்குள் ஊரே காலியானது. பாக்கியத்தாய் உப்பு கேட்டுப் போன வீடுகளிலெல்லாம் நீலவானம் இருந்தது.

கடைசியாக முத்துலிங்கத்தின் வீடு மிஞ்சியது. அவள் அங்கே போனபோது சங்கையா ஏற்கெனவே சுவரிலிருந்து இறங்கி, பிளாஸ்டிக் குமிழ்த்தாளில் பாதி சுற்றப்பட்டு, நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ராசாமணி, இத மட்டும் குடுக்காத தாயி" என்றாள் பாக்கியத்தாய். "உனக்கு வேண்டாம்னா என்கிட்ட குடு. நான் வச்சுக்கிடுறேன்."

ராசாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க மாமாவ நீங்க எதுக்கு வச்சுக்கிடணும்? ஊரு சிரிக்காதா?" என்றவள், கிழவியின் முகத்தைப் பார்த்து இரங்கி, "நீங்க எழுதினதுதானக்கா எல்லாம். உங்க கையி உங்ககிட்டத்தான இருக்கு? இன்னொண்ணு எழுதிக்கிடுங்க" என்றாள். அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னாள்.

பாக்கியத்தாய் வீட்டுக்கு வந்து பழைய தூரிகையைத் தேடியெடுத்து, தாளை விரித்து, மூன்று நாள் எழுதிப் பார்த்தாள். கை நடுங்கியது, அதைக்கூட மற்றொரு கையால் பிடித்துக்கொள்ள முடிந்தது. பத்தொன்பது ஆண்டுகள் பார்க்காமலே எழுதிய கண்கள் இப்போது நினைவில் நிற்கவில்லை. இமையின் வளைவு வந்தால் கருவிழி வேறு யாருடையதாகவோ இருந்தது. கருவிழி சரியாக அமைந்தால் அது அவளைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் தாள்களை மடித்து வைத்தாள். மறதி என்பது இப்படித்தான் வரும் என்று அவள் அறிந்திருக்கவில்லை.

பங்குனியில் அழைப்பிதழ் வந்தது. கண்காட்சியின் தொடக்கவிழாவுக்கு ஓவியர் பாக்கியத்தாய் அவர்கள் வந்து சிறப்பிக்கவேண்டும் என்று அச்சிட்டிருந்தார்கள். தன் பெயருக்குமுன் ஓவியர் என்ற சொல் நிற்பதை அவள் வேறு யாருடைய பெயரையோ படிப்பதுபோலப் படித்தாள். துணைக்கு முத்துலிங்கம் வந்தார்; தகப்பனார் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு வரலாமே என்பது அவர் எண்ணம். பேருந்தில் வழியெல்லாம் அவர், சென்னையில் அப்பாவுக்குக் குளிர்சாதன அறை, நமக்குத்தான் ஓட்டை மின்விசிறி என்று சொல்லிச் சொல்லி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

கூடம் கோயில் மண்டபம்போல உயர்ந்து, முழுவதும் வெள்ளையாக இருந்தது. மாலையும் பொட்டும் நீக்கப்பட்டு, துடைத்துத் தூய்மையாக்கப்பட்டு, நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையாக, ஒரே உயரத்தில் தொங்கினார்கள். ஒவ்வொருவரின் நெற்றிக்கும் நேர்மேலே ஒரு விளக்கு எரிந்தது. கீழே வெள்ளைச் சீட்டுகளில் இறந்தவர்களின் பெயர்கள் இல்லை. எல்லாவற்றிலும் பாக்கியத்தாயின் பெயரே இருந்தது. மக்கள் கைப்பேசிகளை உயர்த்திக்கொண்டு நடந்தார்கள். கண்ணாடியணிந்த பேராசிரியர் ஒருவர், எல்லா முகங்களிலும் ஒரே கண்களைப் பதித்ததன்மூலம் இந்தக் கலைஞர் தனிமனிதன் என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்குகிறார் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளில் அந்தக் கண்கள் ஒன்றே என்று கண்டுபிடித்த முதல் மனிதர் அவர்தாம். ஆனால் அவை யாருடையவை என்று அவர் கேட்கவில்லை.

பாக்கியத்தாய் அருகில் சென்று அண்ணாந்து பார்த்தாள். ஒவ்வொரு கண்ணும் சிவந்திருந்தது, கீழிமைகள் வீங்கியிருந்தன, மேலிமைகள் மூடுவதற்குத் தாழ்ந்து தாழ்ந்து, வெளிச்சம் குத்த, திடுக்கிட்டுத் திறந்தன. வந்தவர்கள் அதை வியந்தார்கள். அந்தக் களைப்பில் நம் காலத்தின் உண்மை தெரிகிறது என்று ஒருவர் குறிப்பேட்டில் எழுதினார். விளக்குகளை எப்போது அணைப்பீர்கள் என்று அவள் காவலாளியிடம் கேட்டாள். படங்கள் மாட்டிய நாள்முதல் அணைத்ததே இல்லை, கண்காணிப்புக் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டுமல்லவா, இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது என்றார் அவர்.

அவள் மைத்ரேயியைத் தேடிப் பிடித்து, ஒரு ரெண்டு மணிநேரம் அணைக்கச் சொல் தாயி என்று கெஞ்சினாள். மைத்ரேயி அவளைத் தோளில் அணைத்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"முடியாதும்மா. மூடின கண்ணைப் பாக்க யாரும் வரமாட்டாங்க. அது வெறும் பிணத்தோட போட்டோ. நீங்க திறந்ததாலதான் இது கலை" என்றாள். "ஆனா உங்களுக்கு நான் ஒண்ணு செய்வேன். இது ரெண்டு வருஷம் வெளிநாடெல்லாம் போயிட்டு வரும். வந்ததும், எது பிடிச்சிருக்கோ, ஒண்ணை நீங்களே எடுத்துக்கங்க. எழுதியே தர்றேன்."

பாக்கியத்தாய் அந்த வார்த்தையை நெஞ்சுக்குள் வைத்துப் பார்த்தாள். இரண்டு ஆண்டுகள் உயிரைப் பிடித்துவைத்துக்கொள்ள அவளால் முடியும். அதன்பின் ஒரு படம் அவள் வீட்டுச் சுவரில் இருக்கும். எந்தக் கிழவரின் முகமாகவும் இருக்கட்டும். வேண்டும்போது விளக்கை அணைத்துத் தூங்கவைக்கலாம். நான்கு மணிக்கு எழுப்பலாம். மிட்டாய்க்காரன் வரும்போது சன்னலைத் திறந்துவிடலாம். உப்பு கேட்டு ஒரு வீட்டுக்கும் போகவேண்டாம். நாற்பத்தைந்து ஆண்டுகளாக அவள் கேட்டிராத வரத்தை, கேட்காமலே ஒருத்தி கையில் வைக்கிறாள். அதுவரை இரண்டு ஆண்டுகள், எழுநூற்று முப்பது நாட்கள், ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு, ஊர் பேர் தெரியாத நாடுகளில், நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் சொக்கும். படுக்க ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அப்போது ஒலிபெருக்கியில் அவள் பெயரை அழைத்தார்கள். சால்வை போர்த்தினார்கள். உங்கள் கலையைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். அவள் கூட்டத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"இது எம்மக கண்ணு. பேரு செண்பகம். ஆறு வயசுல போயிட்டா. அவ படத்தையெல்லாம் எரிச்சுட்டாங்க. எனக்குப் பாக்க வேற வழியில்ல, அதனால செத்தவுக எல்லாருக்கும் அவ கண்ணையே எழுதிட்டேன். இது கலையெல்லாம் இல்லைங்கய்யா. தப்புத்தான்."

கூடம் சலசலத்தது. முன்வரிசையில் முத்துலிங்கம் எழுந்து நின்றார். அறுபது வயது மனிதரின் முகம் அடி வாங்கிய பிள்ளையின் முகம்போலக் கோணியிருந்தது.

"மதினி, அப்ப எங்க அப்பா கண்ணு?"

"தெரியாது தம்பி" என்றாள் அவள். "உங்க வீட்டுல எல்லார்கிட்டயும் கேட்டேன். யாரும் சொல்லலையே."

பாக்கியத்தாய் மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் செய்யப்போவது இன்னதென்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒருமுறை மூடிய கண்களை நூற்றுப் பன்னிரண்டு முறை திறந்தது அவள் கைதான். அம்மா திறந்ததால்தான் அந்தப் பிள்ளை இத்தனை ஆண்டுகள் யார் யார் முகத்திலோ விழித்துக்கொண்டு கிடந்தது. அம்மாவே படு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அது விழிக்க ஒரு காரணமும் இல்லை. சுவரருகே சென்று, எல்லாப் படங்களையும் ஒன்றாகப் பார்ப்பதுபோல், எந்தப் படத்தையும் பார்க்காததுபோல் நின்று, பக்கத்தில் படுத்திருப்பவளிடம் பேசும் குரலில் சொன்னாள்:

"அம்மா பாத்துட்டேன்டி. போதும். நீ தூங்கு."

விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருக்க, நூற்றுப் பன்னிரண்டு பேரின் இமைகளும் ஒரேசமயத்தில் தாழ்ந்து மூடின. அந்தக் கண்கள் பின்னர் எந்த நாட்டிலும் எந்த மணிக்கும் திறக்கவில்லை. மூடிய கண்களைக் குறித்துப் பின்னாளில் கட்டுரைகள் பல எழுதப்பட்டதும், முன்னிலும் அதிகமானோர் அவற்றைக் காண வந்ததும், மைத்ரேயியின் கணிப்பு பொய்த்ததும் வேறு கதை. அன்று அந்தக் கூடத்தில், இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எண்ணிய கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்.

பாக்கியத்தாய் பதறித் திரும்பி, உதட்டின்மேல் விரலை வைத்தாள். "சத்தம் காட்டாதீங்கய்யா. இப்பத்தான் அசந்திருக்கா" என்றாள்.

கைதட்டல் முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக ஓய்ந்தது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முதற்படத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முகத்தின் அருகிலும் குனிந்து, நன்றாகத் தூங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே போனாள். முத்துலிங்கம் தம் தகப்பனாரின்முன் நின்றார். மூடிய அந்த இமைகளுக்குக் கீழே என்ன இருந்தது, கறுப்பா பழுப்பா, சிறியதா பெரியதா என்று எவ்வளவோ முயன்றும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் வந்து சேரும்வரை பாக்கியத்தாய் கடைசிப் படத்தின் அருகில் காத்திருந்தாள். அதற்குமேல் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமையால், இருவரும் வெளியே நடந்தார்கள்.